சிரசும் உடலும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்தில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். விடுமுறையில் என் எட்டு வயது மகளோடு, 1996இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த நோத்ர தாம் கூனன் அனிமேஷன் படத்தைப் பார்த்தேன். அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்த வேகத்தில் விக்டர் ஹ்யூகோவின் மூல நாவலையும் வாசித்து முடித்தேன். இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை. படத்தின் முடிவில் கூனனை ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போகிறது. நாவலில் கதாநாயகியான நாடோடி நடனக்காரி எஸ்மரால்டாவைத் தூக்கிலிடுகிறார்கள். கூனன் குவாசிமோடோ அவள் பிணத்தைக் கட்டிக்கொண்டு பிணக்கிடங்கிலேயே செத்துப்போகிறான். ஒரு பெரிய எழுத்தாளனுக்கு இப்படிச் செய்வது துரோகம் இல்லையா?

கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் நான்கு நண்பர்கள் இதே நாவலைக் கையால் வரைந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான 20 நிமிடத் தமிழ்ப் படமாகச் செய்ய நினைக்கிறோம். எதை வெட்டுவது, எவ்வளவு இருட்டை வைப்பது, எங்கே தொடங்குவது?

நாவலின் கதையைக் கொஞ்சம் மென்மையாக்கி மகளிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அந்த ஆடு பொழச்சுதாப்பா?" படித்த துக்கத்தில் எஸ்மரால்டாவின் ஆட்டை நான் கவனிக்கவே இல்லை.

ம.,
குடியாத்தம்

*

அன்புள்ள ம.,

நாவல் வெளிவந்தது 1831இல். ஐந்தே வருடம் கழித்து, 1836இல், பாரிஸ் ஓபராவில் லூயிஸ் பெர்த்தானின் இசையில் 'லா எஸ்மரால்டா' மேடையேறியது. பாட்டும் வசனமும் எழுதியவர் ஹ்யூகோவேதான். அதில் எஸ்மரால்டாவுக்குத் தூக்கு இல்லை. குவாசிமோடோ ஓரத்துக்குப் போய்விட்டான். தன் கதைக்கு இன்னொரு உடல் வேண்டும் என்றபோது அவரே கத்தியை எடுத்திருக்கிறார். அதனால் துரோகம் என்ற சொல்லை விட்டுவிடுவோம். எதை எடுத்தால் எது சரியும் என்று பார்ப்பதுதான் உங்களுக்கு உதவும்.

காதை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலின் குவாசிமோடோ பாரிஸின் நோத்ர தாம் கோயிலில் மணியடித்து மணியடித்துச் செவிடானவன். படத்தில் அவனுக்கு நன்றாகக் காது கேட்கிறது, பாடுகிறான். பாட்டுப் படத்தின் நாயகன் செவிடாக இருக்க முடியாது என்று முடிவு செய்திருப்பார்கள், அது புரிகிறது. ஆனால் நாவலின் உச்சகட்டமே அந்தக் காதில்தான் நிற்கிறது. எஸ்மரால்டாவை மீட்க அவளுடைய கூட்டத்தார் கோயிலை முற்றுகையிடுகிறார்கள். அவர்கள் கத்துவது அவனுக்குக் கேட்காது. கொல்ல வந்தவர்கள் என்று நினைத்து, மேலிருந்து காய்ச்சிய ஈயத்தை ஊற்றுகிறான். காக்க வந்தவர்களை, காக்க நினைப்பவனே கொல்கிறான். படத்திலும் ஈயம் ஊற்றுகிறான், ஆனால் அது வில்லனின் படைமேல். காது கேட்கத் தொடங்கியதுமே அந்தப் பெருந்துயரம் வெறும் சண்டைக் காட்சியாகிவிட்டது. அத்தியாயம் அத்தியாயமாகச் சிந்தித்து வெட்டியதல்ல அது. ஒரு உறுப்பை மாற்றினார்கள், அதைப் பிடித்துக்கொண்டிருந்ததெல்லாம் தானாக விழுந்தது.

ஃப்ரோலோ விஷயத்தில் நேர்மாறு. குடும்பப் படம் என்றால் இருட்டைக் குறைத்திருப்பார்கள் என்று நினைக்கிறோம். நாவலில் ஃப்ரோலோ ஒரு பாதிரியார். யாரும் வேண்டாத, நான்கு வயது மதிக்கத்தக்க கூன்பிள்ளையை இரக்கப்பட்டு எடுத்து வளர்க்கிறார். படத்தில் அவர் நீதிபதி. தொடங்கிய சில நிமிடத்துக்குள் குழந்தையின் தாய் கோயில் படிக்கட்டில் விழுந்து சாகக் காரணமாகிறார், கைக்குழந்தையைக் கிணற்றில் போடவும் பார்க்கிறார். படம் நாவலைவிட இருட்டாகத் தொடங்குகிறது! வில்லன் யார் என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிட்டது, அது லாபம். நல்லவனாகத் தொடங்கிய ஒருவன் எப்படிக் கெட்டுப்போகிறான் என்பது போய்விட்டது. என் கணக்கில் நஷ்டமே பெரிது.

அப்படியானால் அந்தத் தொடக்கத்தை எட்டு வயதுக் குழந்தை எப்படித் தாங்குகிறது? படம் எப்படிச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். க்ளோபின் என்ற பொம்மலாட்டக்காரன் தன் வண்டியின் முன்னால் கூடிய சிறுவர்களுக்குச் சொல்லும் கதையாக அது வருகிறது. கேட்கும் பிள்ளைகள் திரையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் வட ஆற்காட்டுக் கூத்தில் கட்டியக்காரன் செய்வதும் இதுதான். கர்ண மோட்சத்தையும் பதினெட்டாம் போரையும் முன்வரிசைப் பாயில் குழந்தைகளை உட்காரவைத்துத்தான் விடிய விடிய ஆடுகிறார்கள். கட்டியக்காரன் கதைக்கு உள்ளேயும் நிற்பான், நம் பக்கமும் நிற்பான். அவன் இருக்கும்வரை குழந்தைக்கு இது ஆட்டம் என்பது மறக்காது.

அதே படம் இந்த இடத்தில் தவறவும் செய்தது. கோபுரத்துக் கற்சிலைகள் மூன்றைப் பேசும் தோழர்களாக்கினார்கள். அதற்கு நாவலில் வேர் இருக்கிறது. குவாசிமோடோ சிலைகளின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவான் என்று ஹ்யூகோ எழுதியிருக்கிறார். தவறு இடத்தில்தான். ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது சிலைகள் வேடிக்கைப் பாட்டுப் பாடுகின்றன. கட்டியக்காரன் துக்கத்துக்கு முன்பும் சிரிக்க வைப்பான், பின்பும் சிரிக்க வைப்பான். துக்கத்தின் நடுவே வந்து அதை அழிக்க மாட்டான். உங்கள் படத்தில் வேடிக்கைக்கு ஒரு பாத்திரம் இருந்தால், இருட்டான காட்சி முடிந்து குறைந்தது பத்து நொடி அது வாயைத் திறக்கக் கூடாது.

நீங்கள் குடியாத்தத்துக்காரர். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் போகும்போது அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்க்காத பிள்ளை உங்கள் ஊரில் உண்டா? வெட்டுப்பட்ட ரேணுகை என்ற தாயின் தலை அது. பெற்ற மகனே வெட்டிய கதை. ஆனால் விழாவில் வெட்டு இல்லை. தலை மாலையோடு வருகிறது, தேங்காய் உடைகிறது, கடைசியில் உடலோடு சேர்க்கிறார்கள், அம்மன் கண் திறக்கிறாள். நடந்த கொடுமை எல்லோருக்கும் தெரியும். பார்ப்பதென்னவோ சேர்வதை மட்டும். பிள்ளைகளுக்கான தழுவலுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. அந்தக் கதையில் ரேணுகையின் தலை வேறொருத்தியின் உடலில்தானே சேர்கிறது? உங்கள் நாவலில் தலை எது, உடல் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். தலை என்பது ஒரே வாக்கியம். எனக்கு அது: 'ஊர் அடித்துப்போட்ட ஒருவனுக்கு ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், அவளை ஊர் கொல்ல வந்தபோது அவன் இறங்கி வந்தான்.' உங்களுக்கு வேறாக இருக்கலாம். எழுதி மேஜைக்கு மேலே ஒட்டிவிடுங்கள்.

இனி வேலை. நாவலின் 11 பகுதிகளையும் பென்சிலோடு மறுபடி வாசித்து, நிகழ்ச்சிக்கு ஓர் அட்டை எழுதுங்கள். அறுபது எழுபது அட்டை வரும். ஒவ்வொன்றின் பின்னாலும், இதனால் யாருக்கு என்ன மாறுகிறது என்று ஒரு வரி. எதுவும் மாறாத அட்டைகள் காட்சி ஆகாது. பாரிஸ் நகரை மேலிருந்து வர்ணிக்கும் நீண்ட அத்தியாயம் அப்படித்தான், அதைப் பின்னணி ஓவியமாக வைத்துக்கொள்ளலாம். மகளைத் தொலைத்துவிட்டுச் சுவருக்குள் தன்னை அடைத்துக்கொண்ட தாயின் கதையைப் படம் முழுவதுமாக விட்டுவிட்டது. நீங்களும் விடுங்கள். அதற்குத் தனிப்படமே வேண்டும்.

நீளத்தில் நீங்கள் இடறப்போகிறீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 நிலைப்படம், 20 நிமிடம் என்றால் 28,800 ஃபிரேம். ஓர் ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினாலும் 14,400 ஓவியங்கள், அதுவும் ஒரே பாத்திரத்துக்கு. முழுக்கக் கையால் வரையும் தேர்ந்த ஒருவர் வாரத்துக்கு ஐந்து நொடி முடித்தால் பெரிய விஷயம். நான்கு பேருக்கு 60 வாரம் ஆகும், வண்ணமும் பின்னணியும் சேர்க்காமல். பாதியில் நின்றுபோகும். எட்டு நிமிடத்துக்கு இறங்குங்கள்: 11,520 ஃபிரேம், 5,760 ஓவியம். அதையும் முழுக்க வரையாமல், நிழற்பாவை போல உறுப்புகளை வெட்டிச் சேர்த்து ஆட்டுங்கள். தலை, உடல், கைக்கு மூன்று துண்டு, காலுக்கு மூன்று துண்டு, ஆக 14. மூட்டில் இரண்டு துண்டும் வட்டமாக ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். இல்லாவிட்டால் முழங்கை மடங்கும்போது இடைவெளி தெரியும். கூனை மட்டும் தனித் துண்டாக வெட்டாதீர்கள். முதுகில் கட்டிய மூட்டை போல ஆடும், பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். ஓபன்டூன்ஸ், ப்ளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருள்கள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன, இரண்டிலும் இதைச் செய்யலாம்.

எட்டு நிமிடத்தில் என்ன சொல்வது? ஃப்ரோலோவின் ஏவலில் குவாசிமோடோ எஸ்மரால்டாவைக் கடத்தப்போய்ப் பிடிபடுகிறான். ஊர்ச் சதுக்கத்தின் நடுவில் சக்கரத்தில் கட்டி அடிக்கிறார்கள். அவள் தண்ணீர் தருகிறாள். பிறகு பொய்க்குற்றத்தில் அவளைக் கொண்டுவருகிறார்கள். அவன் கயிற்றில் இறங்கி, அவளைத் தூக்கிக்கொண்டு, 'அடைக்கலம்!' என்று கத்திக்கொண்டே கோயிலுக்குள் ஓடுகிறான். நாவலின் எட்டாம் பகுதி அங்கேதான் முடிகிறது. நீங்களும் அங்கே நிறுத்துங்கள். பொய்யான முடிவைச் சேர்க்கவும் வேண்டாம், பிணக்கிடங்கைக் காட்டவும் வேண்டாம். பெரியவர்களானதும் மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்வார்கள்.

அடிக்கும் காட்சியில் சாட்டை உடம்பில் படுவது வேண்டாம். சக்கரம் சுற்றட்டும், கூட்டத்தின் முகங்கள் வரட்டும். இங்கே எல்லோரும் செய்யும் பிழை, படத்தில் மறைத்ததை ஒலியில் கொட்டுவது. குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும், காதை மூடிக்கொள்ளத் தெரியாது. சாட்டை ஒலி ஒரே முறை, அதுவும் தூரத்தில். உண்மையான இருட்டு அந்தக் காட்சியில் வேறிடத்தில் இருக்கிறது. கோவேறு கழுதைமேல் வரும் ஃப்ரோலோவைக் கண்டதும் குவாசிமோடோ முகம் மலர்கிறது. வளர்த்தவர் தலையைக் குனிந்து திரும்பிப் போய்விடுகிறார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, ஆனால் எட்டு வயதுக்கு அதைவிடப் பயங்கரம் இல்லை. இதை வெட்டாதீர்கள். மூன்று நொடிக்கு மேல் நீட்டவும் வேண்டாம். அடுத்து அவள் படியேறும் கால்கள் வரவேண்டும்.

குவாசிமோடோவின் முகம். அழகாக வரைந்துவிட்டால் ஊர் ஏன் வெறுக்கிறது என்பது புரியாது. கோரமாக வரைந்தால் குழந்தை மடியில் ஒளிந்துகொள்ளும். படம் அவனை ஒரு பறவைக் குஞ்சுக்குப் பறக்கத் தைரியம் சொல்பவனாக அறிமுகம் செய்தது. முதலில் கைகள், குரல், அவன் செய்யும் வேலை, அதற்குப் பிறகே முகம்.

உதட்டசைவுக்கு நம் இலக்கணமே போதும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறிலுக்கு ஓர் ஓவியம், அதாவது இரண்டு ஃபிரேம், நெடிலுக்கு இரண்டு ஓவியம் என்று தொடங்கினால் பெரும்பாலும் பொருந்தும். ப, ம வரும்போது உதடு ஓர் ஓவியமாவது மூடியிருக்க வேண்டும், 'அப்பா', 'அம்மா' என்றால் இரண்டு. இதை விட்டால் டப்பிங் படம் போலத் தெரியும். பேச்சு வழக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'இன்னா', 'கீறேன்', 'வந்துகினு' என்ற நம் பேச்சை நகைச்சுவைப் பாத்திரத்துக்கும் அடியாளுக்கும் ஒதுக்குவது தமிழ் சினிமாவின் பழக்கம். அதைக் குவாசிமோடோவுக்கும் எஸ்மரால்டாவுக்கும் கொடுங்கள். தண்ணீர் கேட்பவன் நம் ஊர்க்காரன் போலக் கேட்கட்டும்.

ஒரு ஃபிரேம் ஆட்டுவதற்கு முன், பென்சில் படங்களை வரிசையாக அடுக்கி, உங்கள் குரலிலேயே பேசி, எட்டு நிமிடத்துக்கு ஓடவிட்டு ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். பயந்து பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தால் காட்சி சரி. எழுந்து போனாலோ பேச ஆரம்பித்தாலோ அங்கே வெட்டுங்கள்.

உரிமை பற்றி: ஹ்யூகோ 1885இல் இறந்தவர், நாவலுக்குத் தடையில்லை. தமிழ் மொழிபெயர்ப்பின் வரிகளை அப்படியே எடுத்தால் மொழிபெயர்ப்பாளரின் அனுமதி வேண்டும். டிஸ்னியின் பேசும் சிலைகள், பாடல்கள், முகச்சாயல் எதையும் தொடாதீர்கள். திரையரங்கில் காட்டுவதானால் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2024 முதல் யு/ஏ என்பதை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள். நான் சொன்னபடி எடுத்தால் யு கிடைக்கும் என்றே நினைக்கிறேன். 7+ வந்தாலும் வருந்த வேண்டாம்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். அவள் சரியானதைத்தான் கேட்டிருக்கிறாள். அந்த வெள்ளாட்டின் பெயர் ஜாலி. எழுத்துகளை அடுக்கி, எஸ்மரால்டா காதலித்த படைத்தலைவனின் பெயரை, 'ஃபீபஸ்' என்று எழுதக் கற்றதற்காக, எஸ்மரால்டாவோடு சேர்த்து அதையும் சூனியக்காரி என்று விசாரிக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சட்டத்தின் அநியாயம் புரிய இந்த ஒரு காட்சி போதும், உங்கள் எட்டு நிமிடத்தில் இதற்கு அரை நிமிடம் கொடுங்கள். தண்டனை வண்டியிலும் அது அவள் காலடியில் கட்டிக்கிடக்கிறது. கடைசியில் கிரிங்குவார் என்ற கவிஞன் அதைக் கூட்டிக்கொண்டு தப்பிவிடுகிறான்.

பிழைத்தது என்று அவளிடம் சொல்லுங்கள்.