அபார்ட்மென்ட் வாசல் கதவைத் திறக்க கார்டு, ஃபாப் (சாவிக்கொத்தில் மாட்டும் சின்ன மின்னணு வில்லை) வைக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
40 வீடுகளுக்கு எந்த கார்டு நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். மலிவான 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு வேண்டாம். அது தன் எண்ணை மறைக்காமல் அனுப்பும். சின்னக் கருவி இருந்தால் சில நொடிகளில் நகல் தயார். 13.56 மெகாஹெர்ட்ஸ் மைஃபேர் கிளாசிக் என்ற கார்டின் குறியாக்கமும் (தகவலை மறைத்து அனுப்பும் முறை) 2008-லேயே உடைந்துவிட்டது. இவற்றைவிடப் பாதுகாப்பான டெஸ்ஃபயர் வகை கார்டு கேளுங்கள். ஆனால் ரீடரை (வாசலில் கார்டைப் படிக்கும் கருவி), கார்டின் எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்துவிட்டால் கூடுதல் செலவு வீண். கார்டுக்குள் இருக்கும் ரகசியக் குறியாக்கச் சாவியை ரீடர் சரிபார்க்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

கதவுக்கு மின்காந்தப் பூட்டு வைத்தால், அது கரண்ட் போனால் திறந்துகொள்ளும், அதற்கு பேட்டரி வேண்டும். தீ அலாரம் அடித்தால் பேட்டரி இருந்தாலும் கதவு திறந்தே ஆக வேண்டும். இதில் தயவுசெய்து சமரசம் செய்யாதீர்கள்.

அப்புறம், எந்த ஃபாப் யாரிடம் என்று பதிவு வையுங்கள். தொலைந்தாலோ, குடியிருப்பவர் காலி செய்தாலோ அன்றே அந்த ஃபாபின் அனுமதியை நீக்கிவிடுங்கள்.