முதலில் விளக்கைப் பாருங்கள்: நீலகிரி வாசகர்களின் இணையக் கேள்விகள்

லேப்டாப்பில் வைஃபை சேர்ந்திருப்பதாகக் காட்டுகிறது. ஒரு தளமும் திறக்கவில்லை. மொபைலில் வருகிறது. (கோத்தகிரி)

மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டும் மொபைலில் வருகிறதா? இதை உறுதி செய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். வருகிறது என்றால் லைனும் ரவுட்டரும் சரி, கோளாறு லேப்டாப்பில்தான். விண்டோஸில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கொடுங்கள். ஐபி, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்பின் முகவரி, 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து அது கிடைக்கவில்லை. அந்த வைஃபையை ஃபர்கெட் செய்துவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள். 192.168 என்று இருந்தும் தளம் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

நெட் வரவில்லை. என்ன செய்வது? (கூடலூர்)

லைன் ஃபைபரா, சிம் போடும் டாங்கிளா? ரவுட்டரில் எந்த விளக்கு எரிகிறது? மொபைலில் வருகிறதா? ஒன்றும் எழுதாமல் கேட்டால் நான் எதை வைத்துப் பதில் சொல்வது? விளக்குகளைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

ரவுட்டரில் எல்ஓஎஸ் சிவப்பாக மினுங்குகிறது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டும் சரியாகவில்லை. (மஞ்சூர்)

ஒரு நாள் உழைப்பு வீண். எல்ஓஎஸ் சிவப்பு என்றால் ஃபைபரில் ஒளியே வரவில்லை. லேப்டாப்புக்கு இதில் சம்பந்தமே இல்லை. ஆடிக் காற்றில் கற்பூர மரக் கிளை விழுந்து எங்கோ ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது வீட்டுக்குள்ளேயே அலமாரிக்குப் பின்னால் நசுங்கியிருக்கலாம். உள்ளே மடங்கியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் புகார் கொடுங்கள். ஃபைபரை டீ டம்ளர் வாயைவிடச் சிறிதாகச் சுருட்டக் கூடாது. கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அது லேசர்.

வேகம் குறைந்தது. வீடியோ ஒன்றில் சொன்னபடி ரவுட்டர் பின்னாலிருக்கும் ஓட்டையில் ஊக்கு விட்டு 10 நொடி அழுத்தினேன். இப்போது சுத்தமாக நெட் இல்லை. (ஊட்டி)

வருகிற கடிதங்களில் மூன்றில் ஒன்று இதுதான். எத்தனை தடவை எழுதிவிட்டேன்! ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. ஸ்விட்சை அணைத்துப் போடுவது ரீஸ்டார்ட். அதனால் எதுவும் அழியாது. ஊக்கு விட்டு அழுத்துவது ரீசெட். உங்கள் இணைப்பின் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் (கம்பெனி தன் லைனுக்குத் தரும் அடையாள எண்), வைஃபை பெயர் எல்லாம் ஒரேயடியாகப் போய், பெட்டி கடையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பிவிடும். சில கம்பெனிகளின் பெட்டி இந்த விவரங்களைத் தானாக வாங்கிக்கொள்ளும். பல பெட்டிகள் வாங்காது.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. பழுது பார்க்க வந்த பையன் என்னைக் கேட்காமல் ஊக்கை எடுத்து அழுத்தினான். பாஸ்வேர்டு அவனிடமும் இல்லை. அலுவலகத்தில் கேட்டு அனுப்புகிறேன் என்று போனவன் திரும்பி வர ஐந்து நாள். மழையில் பாதையும் சரியில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். சமவெளியில் போன் போட்டால் மறுநாள் ஆள் வந்துவிடுவார். மலையில் ஓர் ஆள்தான் பத்து ஊருக்கும் ஓடுகிறார். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்களுக்கு இனி வழி, கம்பெனியை அழைத்து யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண் மூன்றையும் கேட்டு வாங்குவதுதான். வாங்கியதை நோட்டில் எழுதி, பெட்டியின் அடியிலுள்ள ஸ்டிக்கரையும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை வேகம் குறைந்தால் ஸ்விட்சை அணைத்து, இரண்டு நிமிடம் விட்டுப் போடுங்கள். ஊக்கு வேண்டாம்.

பழைய கல் கட்டட வீடு. பின்னறையில் சிக்னல் இல்லை. விலையுயர்ந்த ரவுட்டர் வாங்கலாமா? (குன்னூர்)

வேண்டாம். ஒன்றரை அடி கல் சுவரை எந்த ரவுட்டராலும் எளிதில் தாண்ட முடியாது. பின்னறையில் 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4-இல் சேர்ந்து பாருங்கள். வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். போதவில்லை என்றால் லேன் கேபிள் இழுத்து, அங்கே பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்ட்டாக, அதாவது வைஃபை மட்டும் தரும் பெட்டியாக, வையுங்கள். 100 மீட்டர் வரை இழுக்கலாம்.

இடி இடித்தால் ரவுட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். அப்படியும் லேப்டாப்பின் லேன் போர்ட் போய்விட்டது. (கேத்தி)

பிளக் மட்டும் போதாது, லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். ஃபைபரின் கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் அதைத் தாங்கும் எஃகுக் கம்பியிலும், சுவருக்கு வெளியே ஓடும் லேன் கேபிளிலும் பாயும். ஏப்ரல், மே கோடை மழைக்கு இங்கே இடி அதிகம். முதல் உறுமல் கேட்டதுமே கழற்றுங்கள், தலைக்கு மேல் வந்தபின் தொடாதீர்கள். மதர்போர்டு மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போர்ட் மட்டும் போயிருந்தால் சில நூறு ரூபாய் யூஎஸ்பி லேன் அடாப்டர் போதும்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வருகிறது. (அருவங்காடு)

லேப்டாப்பின் தேதியைப் பாருங்கள், அது தவறாக இருந்தால் இந்த எச்சரிக்கை வரும். திருத்தியும் மறுபடி பின்னால் போனால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கும்.

ரவுட்டர் இரண்டு பெயர் காட்டுகிறது, ஒன்றில் 5ஜி என்று இருக்கிறது. என் சிம் 4ஜி. அதில் சேரலாமா? (கோத்தகிரி)

தாராளமாக. அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. சிம்முக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தப் பெயர் லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை என்றால், அதன் வைஃபை கார்டு 2.4 மட்டுமே பிடிக்கும் பழைய ரகமாக இருக்கலாம்.