வாசகர் கேள்வி பதில்: வளைவில்லாத தமிழ்

கேள்வி: எங்கள் தோட்டக் கிரிக்கெட் கழகத்தின் ஜேர்சிக்கு, ரூன் எழுத்துகளை (வட ஐரோப்பாவின் பழைய எழுத்துகள்) போலக் கூர்கூரான தமிழ் எழுத்துரு ஒன்றைக் கையால் எழுதிச் செய்கிறோம். ப, ம, ய மூன்றும் ஒரே மாதிரி தெரிகின்றன. என்ன செய்யலாம்?
- வாசகர், ஹட்டன்

பதில்: ரூனின் உருவத்தை விட்டுவிட்டு அதன் விதியை எடுங்கள். பழைய ஃபுதார்க் என்ற ரூன் வரிசையின் 24 எழுத்துகளும் பெரும்பாலும் நிமிர்ந்த கோடும் சாய்ந்த கோடும்தான். ரூன்களை மரத்தில் வெட்டினார்கள்; மரத்தின் நார் ஓடும் திசையில் கிடைக்கோடு வெட்டினால் அது நாரோடு கலந்து மறைந்துவிடும், மரமும் பிளக்கும். கோண எழுத்து நமக்கும் அந்நியமில்லை. மதுரைக்கு அருகே மாங்குளத்துக் குகைகளின் தமிழி (தமிழ்-பிராமி என்ற பழைய எழுத்து) கல்வெட்டுகளைப் பாருங்கள், எத்தனை நேர்கோடுகள்!

உங்கள் மூன்று எழுத்துகளையும் குழப்புவது அவற்றின் அடிக்கோடு. ப-வின் அடியை வலப்பக்கம் ஏறும் 15 பாகைச் சாய்வாக்குங்கள். ம-வின் வலச்சுழியை மூடிய முக்கோணமாக்குங்கள், திறந்தால் ய என்றே கண்ணுக்குப் படும். ய-வின் நடுக்கோடு முழு உயரத்துக்கு எழ வேண்டும். முக்கோணத்தின் உள்வெளி கோட்டின் தடிப்பைவிடக் குறைந்தால் அச்சில் மை அடைத்துக்கொள்ளும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று பள்ளியில் எண்ணியதை இங்கே முக்கோணங்களாக எண்ணுங்கள். புள்ளியைச் சாய்சதுரமாக, எழுத்திலிருந்து ஒரு கோட்டுத் தடிப்பு விலக்கி வையுங்கள். அது ஒட்டிக்கொண்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும்.

5 மி.மீ. தட்டை முனைப் பேனாவை 30 பாகையில் பிடித்து எழுதி, 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் கோடெடுத்து ஃபொன்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் சேர்க்கலாம். அலுப்பான வேலை உகர, ஊகார வரிசைதான். 18 மெய்க்கும் 36 உருவங்களைத் தனித்தனியே வரைய வேண்டும், டி, டீ வேறு. க, த, ம போன்று அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு இரண்டாவது வடிவமும் எழுதுங்கள். ஒரே க திரும்பத் திரும்ப வந்தால் கையெழுத்தென்று யாரும் நம்பமாட்டார்கள்.

மிகக் கூரிய முனைகள் ஜேர்சி ஸ்டிக்கரில் கழுவக் கழுவ உரியும். 0.5 மி.மீ. மழுக்கிவிடுங்கள். அணியின் பெயருக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள், வீரர் பட்டியலுக்குச் சாதாரண எழுத்துருவே நல்லது. இன்னொன்று: இரண்டு மின்னல் கீற்றுகளை அடுத்தடுத்து அலங்காரமாக வைக்கவே வேண்டாம். அது ஹிட்லரின் எஸ்.எஸ். படைச் சின்னம்.

கேள்வி: இதே எழுத்தைத் தகட்டில் வெட்டிப் பலகையில் பெயின்ட் அடிக்கலாமா?
- வாசகர், பண்டாரவளை

பதில்: அடிக்கலாம். ஆனால் மூடிய முக்கோணத்தின் நடுத்துண்டு கழன்று விழும். தேயிலைப் பொதிகளில் கிரேட் பதிக்கும் தகட்டில் ஆங்கில 'O' எழுத்துக்கு விடும் இணைப்பைப்போல, ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 3 மி.மீ. பாலம் இரண்டு விடுங்கள். பாலத்தை நிமிர்ந்த கோட்டில் வையுங்கள், சாய்வுக் கோட்டில் வைத்தால் எழுத்து முறிந்து தெரியும். பெயின்ட்டைத் தண்ணியாகக் கலக்காதீர்கள், தகட்டின் அடியில் ஊறிக் கூர்மை போய்விடும்.