சாறிக் கரை வெட்டுப்படாமல், எழுத்து கரையாமல்: சமூக ஊடகப் படங்கள் பற்றிய கேள்வி பதில்

புறக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் பல வருடம் வடிவமைப்பாளராக இருந்தேன். இப்போது கொழும்புக் கடைகளுக்கும் சங்கங்களுக்கும் சமூக ஊடகப் படங்கள் செய்து கொடுக்கிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: நாங்கள் போட்டது ஒன்று, பார்க்கிறவரின் போனில் தெரிவது வேறொன்று.

அண்ணா, எங்கள் கடை வெள்ளவத்தையில். சாறி உடுத்திய பொம்மையை முழுதாகப் படம் எடுத்தாலும் இன்ஸ்டகிராமில் கீழ்க்கரை வெட்டுப்படுகிறது. ஏன்?

தங்கச்சி, கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் படம் அகலத்துக்கு உயரம் 2:3 என்ற விகிதத்தில் வரும். போனில் எடுத்தால் பெரும்பாலும் 3:4. இன்ஸ்டகிராமோ நீண்ட காலம் 4:5-க்கு மேல் உயரமான படத்தை ஏற்கவில்லை. மிஞ்சியதை அது வெட்டிவிடும். 2025 முதல் 3:4 படங்களையும் எடுத்துக்கொள்கிறது. அதே வருடம் ஜனவரியில், பக்கத்தில் வரிசையாகத் தெரியும் கட்டங்களையும் சதுரத்திலிருந்து 3:4-க்கு மாற்றினார்கள்.

சாறிக்கு நான் சொல்வது 1080 பிக்சல் அகலம், 1440 பிக்சல் உயரம் (பிக்சல் என்பது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி). பழைய 1080 × 1350 அளவிலும் போடலாம். ஆனால் கட்டத்தில் இரண்டு பக்கமும் முப்பத்துச் சொச்சம் பிக்சல் மறையும், முந்தானையை ஓரத்தில் விரித்துக் காட்டியிருந்தால் அது போய்விடும். எந்த அளவாக இருந்தாலும் வெட்டும் வேலையை நீங்களே செய்துவிட்டு ஏற்றுங்கள். படம் எடுக்கும்போது இரண்டடி பின்னால் தள்ளி நின்று, சுற்றிவர இடம் விட்டு எடுங்கள். இல்லாத கரையைப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒழுங்காகக் கொண்டுவர முடியாது.

ஸ்டோரிக்கு 1080 × 1920. அதில் மேலும் கீழும் 250 பிக்சலாவது வெறுமையாக விடுங்கள். அங்கேதான் பெயரும் பதில் எழுதும் பெட்டியும் வந்து உட்காரும்.

கொட்டாஞ்சேனையில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கிறேன். ரோஸ் நிறப் பின்னணியில் சிவப்பில் விலை எழுதினால் எழுத்து கலங்கித் தெரிகிறது.

இது உங்கள் போனின் குறை இல்லை. ஜேபெக் என்ற கோப்பு முறையில் படத்தைச் சுருக்கும்போது வெளிச்சத்தின் அளவு ஒவ்வொரு பிக்சலுக்கும் வைக்கப்படும். நிறம் மட்டும் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் மிஞ்சும். மனிதக் கண் நிற நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது என்பதால் கேக் படத்துக்கு அது போதும். ரோஸ் மேல் சிவப்பு என்றால் எழுத்தைப் பிரித்துக் காட்டுவதே நிறம்தானே, அது மங்கியதும் எழுத்தும் கரைகிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் விலை பளிச்சென்று தெரிந்தால் சரி, தெரியாவிட்டால் நிறத்தை மாற்றுங்கள். எழுத்து அதிகமுள்ள படத்தைப் பிஎன்ஜியாக, அதாவது விவரம் இழக்காத கோப்பாக, சேமித்து ஏற்றுங்கள். தளம் அதை ஜேபெக்காக மாற்றினாலும் சேதம் ஒரு தடவையோடு நிற்கும்.

தமிழ் எழுத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ண, ன சுழிகள் சிறிதானால் அடைபடும், புள்ளி காணாமல் போகும். 1080 அகலப் படத்தில் 40 பிக்சலுக்குக் குறைந்த தமிழ் எழுத்தை நான் வைப்பதே இல்லை.

தெமட்டகொடையில் வகுப்பு நடத்துகிறேன். ஃபோட்டோஷொப்பில் 'கொழும்பு' என்று ஒட்டினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

டீச்சர், கணினிகள் பொதுவாகப் பாவிக்கும் எழுத்துக் குறிமுறையான யூனிகோடில் 'க' முதலில், கொம்பும் காலும் சேர்ந்த குறி அடுத்ததாகச் சேமிக்கப்படும். கொம்பைப் பிரித்து முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. ஃபோட்டோஷொப்பின் விருப்பத் தெரிவுகளில் எழுத்துப் பகுதிக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான தெரிவைப் போடுங்கள். புதிய பதிப்புகளில் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்று இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துரு ஒன்றும் வேண்டும்.

யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சு செய்து பழகியவர்கள் படத்துக்குள் அதையே பாவிக்கலாம், தடையில்லை. படத்தோடு போடும் வரிகளுக்குப் பாமினி உதவாது. அங்கே அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், யாரும் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒரே படத்தில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்கிறார் முதலாளி.

சுவரொட்டியில் அது சரி, உள்ளங்கை அளவுத் திரையில் மூன்றும் சிறுத்துவிடும். பெரும்பாலும் தமிழ்தான் அடிவரிக்குப் போகிறது, அது எனக்கு மனவருத்தம். ஒரே அளவில் மொழிக்கு ஒரு படமாக மூன்று செய்து, ஒரே பதிவில் அடுத்தடுத்துப் போடுங்கள்.

அச்சகம் தந்த கோப்பை அப்படியே ஏற்றலாமா?

வேண்டாம். அது சிஎம்வைகே என்ற அச்சு நிறமுறையில் இருக்கும், நிறம் மாறித் தெரியலாம். திரைக்கான நிறமுறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். திரைக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுக் கணக்கு) என்பதில் பொருளில்லை, பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு.

அப்பம்மாவின் மரண அறிவித்தலை வட்ஸ்அப்பில் அனுப்பினோம். கனடாவில் இருக்கும் மாமாவுக்குப் போனபோது முகமே தெரியவில்லை, அண்ணா.

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது, தம்பி. வட்ஸ்அப் படத்தை அனுப்பும்போதே சுருக்கும். வந்ததை அப்படியே ஃபோர்வட் செய்தால் மேலும் கெடாது. ஸ்கிரீன்ஷொட் எடுத்தோ சேமித்தோ மறுபடி அனுப்பும்போதுதான் திரும்பவும் சுருங்கும். 2023 ஓகஸ்டில் கூடிய தெளிவுக்கான எச்டி தெரிவு வந்தது, அதைப் போடுங்கள். இன்னும் நல்லது, டொகுமென்டாக அனுப்புவது. அப்போது கோப்பு அப்படியே போகும்.

பழைய படமென்றால் சட்டகத்திலிருந்து கழற்றி, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனை நேர்மட்டமாகப் பிடித்து எடுங்கள். முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளை இதற்குப் பாவிக்காதீர்கள். அவை இல்லாத கண்ணையும் பல்லையும் தாமாக வரைந்துவிடும், பிறகு அது அப்பம்மாவாக இருக்காது. கிரியை நேரத்தையும், பொரளைக் கனத்தை மயானத்திலா வேறெங்குமா என்பதையும் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் அனுப்புங்கள்.

டொகுமென்டாக அனுப்பினால் ஏதும் ஆபத்து உண்டா?

போனில் இடக்குறிப்பு இயங்கியிருந்தால், படம் எடுத்த இடமும் கோப்போடு போகும். வீட்டில் எடுத்த படத்தைத் தெரியாதவருக்கு அனுப்புமுன் அதை நீக்கிவிடுங்கள்.

பார்வையற்றவர்களுக்கு எங்கள் அறிவித்தல் எப்படிப் போய்ச் சேரும்?

படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் மென்பொருள்) வாசிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் படத்தில் உள்ளதை எழுத்தில் சொல்லும் மாற்று உரைக்கு ஓர் இடம் உண்டு. அதில் 'அறிவித்தல் படம்' என்று மட்டும் எழுதி விடாமல் திகதி, நேரம், இடம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள். இரண்டு நிமிட வேலை, இன்றைக்குப் போடும் படத்திலேயே தொடங்கலாம்.