பக்கவாதம் வந்த அப்பத்தாவை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? மறுபடி வராமல் தடுக்க முடியுமா?

அப்பத்தாவுக்கு வலது கை கால் விழுந்துவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்துவிட்டோம், இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் இயன்முறை சிகிச்சை கொடுப்பது என் வேலை.

முதலில் தோளைக் காப்பாற்றுங்கள். விழுந்த கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதைத்தான் வீட்டுக்கு வீடு பார்க்கிறேன். தசை தளர்ந்திருக்கும்போது கையின் பாரமே மூட்டைக் கீழே இறக்கும். இழுக்கவும் செய்தால் மூட்டு நழுவி, ராத்திரியெல்லாம் தூங்கவிடாத வலி வரும். அந்த வலிக்குப் பயந்தே பிறகு பயிற்சிக்குக் கையைத் தரமாட்டார்கள். தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையும் கொடுத்து எழுப்புங்கள். உட்கார்ந்ததும் அந்தக் கைக்கு அடியில் தலையணை வையுங்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் புண் வராது.

கஞ்சியைப் படுத்த நிலையில் ஊற்றவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்துச் சிறு கரண்டியால் கொடுங்கள். புரையேறினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் முடியும்.

வலது பக்கம் விழுந்தவர்களுக்குப் பேச்சும் போவதுண்டு. பேச முடியாவிட்டாலும் பலருக்கு நாம் பேசுவது புரிகிறது. அவர் காதுபட, "இனி எத்தனை நாளைக்கோ" என்று பேசும் உறவினர்களை வாசலிலேயே நிறுத்துங்கள்.

புறா ரத்தம் தடவச் சொல்லி யாராவது வருவார்கள். கோளாறு மூளையில் இருக்கும்போது கையில் தடவி என்ன பயன்? மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைத் திரும்பக் கற்றால்தான் கை அசையும். அதற்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். நான் பார்க்கும் ஒரு பெரியவர், அவித்த கடலையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, விழுந்த கையின் விரலால் தோலை நெம்பி நெம்பியே பிடிமானத்தை மீட்டார்.

மறுபடி வராமல் தடுப்பதில் பாதிக்கு மேல் மாத்திரையில் இருக்கிறது. தலைசுற்றல் இல்லை என்பதற்காக இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள்; அழுத்தம் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அழுத்த, சர்க்கரை மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் குறையுங்கள். ஒரு நாள் உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும்.

மீண்டும் வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். உள்ளூரில் குளுக்கோஸ் ஏற்றிப் பார்க்காமல், மதுரை பெரியாஸ்பத்திரி போல சி.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்கே போங்கள். மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும் என்பதால் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்.