பழைய வேலைகளை மறைக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. தமிழ் நாளிதழில் செய்தியாளராகத் தொடங்கி, வானொலிக்கு நிகழ்ச்சி எழுதி, தொலைக்காட்சித் தயாரிப்பிலும் இருந்தேன். பிறகு இணையத்தள உருவாக்கம் படித்து, இப்போது சிறு நிறுவனங்களுக்குத் தளம் செய்து தருகிறேன். நேர்காணலில், “எதிலும் நிலைக்கவில்லையே” என்கிறார்கள். கணவருக்கும் அதே குறை. தன்விவரக் குறிப்பிலிருந்து ஊடக வேலைகளை எடுத்துவிடட்டுமா? — வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் சகோதரி, எடுக்காதீர்கள்.

நம் ஊரின் நா. கோவிந்தசாமியை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர், விரிவுரையாளர். அவர்தான் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளில் ஒருவர்; 1997இல் இங்கே நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்கு முன்கை எடுத்தவரும் அவரே. கதை எழுதிய கைதான் கணினிப் பக்கமும் போனது. 1999இல் மறைந்த அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

உங்களிடம் இருப்பதும் அரிய சேர்க்கைதான். லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து வரி இடைவெளி அமைத்த தளத்தில் ‘கீ’, ‘தீ’ போன்றவற்றின் மேல்சுழி வெட்டுப்படும். நீளமான தமிழ்ச் சொல் கைப்பேசித் திரையைத் தாண்டி ஓடும். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான கணினிக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் சேமித்த கட்டுரை இன்று புரியாத குறிகளாகத் திறக்கும். தமிழ் வாசிக்கத் தெரியாத பொறியாளர் கண்ணில் இவை படுவதே இல்லை. உங்களுக்குப் பார்த்ததும் தெரியும், சரிசெய்யவும் தெரியும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், சிதைந்த தமிழோடு அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது இன்னும் நடக்கிறதே! அந்த வேதனை தெரிந்தவர்கள் தளம் கட்ட வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஆனால் தன்விவரக் குறிப்பை வேலைகளின் வரிசையாக எழுதாதீர்கள். செய்து முடித்த ஒரு படைப்பை முதலில் வையுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் இப்போதே தொடங்கலாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் செம்பவாங். அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் வேலை பார்த்த காலம் நினைவிருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான்கைந்து பேரைக் கண்டு பேசுங்கள், குரலைப் பதிவுசெய்யுங்கள். தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி என்ற இணையத் தொகுப்பில் பழைய தமிழ் நாளிதழ்களைப் புரட்டித் தேதிகளைச் சரிபார்த்து எழுதுங்கள். அதற்கான தளத்தையும் நீங்களே கட்டுங்கள். “எதிலும் நிலைக்கவில்லையே” என்பவரிடம் அந்தத் தளத்தைத் திறந்து காட்டுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நிரல் எழுதுவது மட்டுமே வேலை என்றால் உங்கள் நிரலைத்தான் சோதிப்பார்கள். ஊடக அனுபவம் அங்கே அதிகம் எடுபடாது. செய்தி நிறுவனங்களின் மின்னிலக்கப் பிரிவு, அரும்பொருளகம், நூலகம், பன்மொழித் தளம் நடத்தும் அமைப்புகள், இந்தப் பக்கம் முதலில் தேடுங்கள். நிரலில் இன்னும் பயிற்சி வேண்டுமென்றால், 40 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே முதல் கிடைக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையை (அரசு தரும் பயிற்சி உதவி) அதற்குரிய வகுப்புக்குப் பயன்படுத்தலாம்.

கணவரின் குறை உங்கள் திறமை பற்றியதாக இருக்காது என்றே நினைக்கிறேன். சொந்தமாகத் தொழில் செய்தால் முதலாளி தரும் மத்திய சேமநிதிப் பங்கு கிடையாது. ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக்கான பங்கையும் நீங்களே கட்ட வேண்டும். வீட்டுக் கடன் ஓடும் குடும்பத்தில் இது பெரிய கவலைதான். போன ஆண்டின் வரவு செலவை எடுத்து வைத்துக்கொண்டு அவரோடு பேசுங்கள். நிரந்தர வேலை கிடைக்கும்வரை மாதம் குறைந்தது எவ்வளவு வர வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவுசெய்து, அதற்கேற்ப உங்கள் கட்டணத்தை ஏற்றுங்கள்.