வெள்ளி ஷீட் வாங்கலாமா?

கேள்வி: சிஸ்டர், அப்பாவுக்கு 62 வயது. பல வருஷமாகச் சர்க்கரை. வலது கால் பெருவிரலுக்கு அடியில் புண் வந்து இரண்டு மாதம் ஆகிறது. தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவி, பெட்டாடின் நனைத்த காஸ் வைத்துக் கட்டுகிறோம். ஆறவே இல்லை. மருந்துக் கடையில் வெள்ளி கலந்த ஷீட் ஒன்று 450 ரூபாயாம், தினம் ஒன்று போட்டால் சீக்கிரம் ஆறிவிடும் என்கிறார்கள். தக்காளி விலை விழுந்து கிடக்கிற நேரம். கடன் வாங்கியாவது வாங்கட்டுமா?
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: வேண்டாம் தங்கச்சி. கடன் வாங்கி அந்த ஷீட்டைப் போடாதீர்கள். வெள்ளி கிருமியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் புண்ணை ஆற்றுவதற்கென்று அதைப் போட வேண்டாம் என்றுதான் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கான சர்வதேச வல்லுநர் குழுவே சொல்கிறது. சிரை ரத்தநாளக் கோளாறால் வரும் கால் புண்ணுக்கு இங்கிலாந்தில் 213 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளி போட்டவர்களுக்கும் சாதாரண ஒட்டாத கட்டு போட்டவர்களுக்கும் புண் ஆறியதில் பெரிய வித்தியாசம் இல்லை, செலவுதான் கூடியது.

முதலில் பெராக்சைடை நிறுத்துங்கள். பொங்கி நுரை வருவதைப் பார்த்தால் அழுக்கெல்லாம் போகிற மாதிரி இருக்கும். அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்துப் பொசுக்கும். கழுவ நார்மல் சலைன் (மருந்துக் கடையில் கிடைக்கும் சுத்தமான உப்பு நீர்) போதும், இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்.

அடுத்தது அந்தக் காஸ். நாளைக்குப் பிரிக்கும்போது நன்றாகக் கவனியுங்கள். காய்ந்து ஒட்டிய காஸை இழுத்ததும் புண்ணின் தரையில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்கும். துணியின் அடியில் இளஞ்சிவப்பாகக் குருணை குருணையாக ஒட்டியிருப்பது ராத்திரியெல்லாம் உடம்பு கட்டிய புதுச் சதை. தினமும் அதைப் பிய்த்து எறிந்தால் எப்படி ஆறும்? ஒட்டியிருந்தால் சலைனை ஊற்றி, நன்றாக ஊறவிட்டு, மெதுவாக எடுங்கள்.

நம் பக்கம் "புண்ணு காயணும், காத்தாட விடு" என்பார்கள். ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் 1962லேயே பன்றிகளிடம் பார்த்து எழுதிவிட்டார். மூடி ஈரமாக வைத்த காயத்தில், பொருக்குத் தட்டிய காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகத் தோல் மூடியது. ஈரம் என்றால் சொதசொதப்பு அல்ல. ஓரத் தோல் ஊறி வெளுத்தால் கட்டு போதுமான அளவு உறிஞ்சவில்லை என்று அர்த்தம்.

விலையைத் துண்டுக் கணக்கில் பார்க்காதீர்கள், வாரக் கணக்கில் பாருங்கள். வெள்ளி இல்லாத நல்ல ஃபோம் கட்டு (ஸ்பாஞ்சு மாதிரி உறிஞ்சுவது), நீர் அதிகம் கசியாத புண்ணில் நாலைந்து நாள்கூட இருக்கும். தினம் காஸ், பஞ்சு, பஸ் காசு, போன கூலி எல்லாம் கூட்டினால் சில வீட்டில் ஃபோமே மலிவு. உங்கள் அப்பாவுக்கு அதுவும் தேவைப்படாமல் போகலாம். பாரஃபின் காஸ் (புண்ணில் ஒட்டாமல் இருக்க மெழுகு தடவியது), அதன்மேல் உறிஞ்சும் பேட், கசிவைப் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள், இதுவே பெரும்பாலும் போதும். எதுவானாலும் புண்ணைப் பார்த்த டாக்டர் சொன்ன பிறகு மாற்றுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியம், அப்பா இன்னும் அந்தக் காலை ஊன்றித் தோட்டத்தில் நடக்கிறாரா? மரத்துப்போன காலில் வலி தெரியாது, நடந்துகொண்டே இருப்பார். ஒவ்வொரு அடியும் உடம்பின் பாரத்தை அந்தப் புண்மேல் வைக்கும். பாரம் இறங்காமல் எந்தக் கட்டும் அதை ஆற்றாது. டிரெஸ்ஸிங் ரூமில் நின்ற வருஷங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான். அந்தக் காசை இதில் போடுங்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, மாவுக்கட்டு மாதிரி பாரம் தாங்கும் கட்டு போடலாமா, ஆறிய பிறகு எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் செருப்பு) வேண்டுமா என்று கேளுங்கள். பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தால் வைத்தியமே வேறு.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிறார்கள் அல்லவா? அவர்கள் வரும்போது அப்பாவின் காலையும் காட்டுங்கள்.

விரல் கறுத்தாலோ, சிவப்பு பாதத்தில் ஏறினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, எலும்பு தட்டுப்பட்டாலோ கட்டைப் பற்றி யோசிக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள், ராத்திரியானாலும் சரி.